அம்மாவின் இரவுக் கணக்கு

அந்த இரவில் அம்மாவின் இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று நான் குறித்துவைத்த எண்கள் இன்னும் அந்த நோட்டில் இருக்கின்றன. 11.20க்கு 91. 12.05க்கு 86. 1.40க்கு 82. 3.15க்கு 77. 4.30க்கு 71. அதற்குப் பிறகு எழுதவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பிவிட்டேன்.

"இந்நேரத்தில் எதற்குக் கண்ணு எழுப்புகிறாய்? இப்போதுதான் கண் அசந்தேன்" என்றார் அம்மா. பத்து மணியிலிருந்து அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஆறரை மணி நேரத்தில் அவர் உண்மையாகவே ஆழ்ந்து உறங்கிய நேரம் மிகக் குறைவு என்பது எங்களுக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

அம்மா என் தம்பி குடும்பத்தோடு கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். நான் கோவையில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். அப்பா இறந்த பிறகு அம்மா முன்னறையில் தனியாகப் படுக்கிறார். ஒரு வருடமாகவே காலையில் எழுந்தவுடன் தலைவலி என்பார்; நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு திண்ணையில் உட்காருவார். பத்து மணிக்கு மேல் வலி தானாக விலகிவிடும். பகலில் முறத்தை மடியில் வைத்தபடியே தூங்கிப்போவார். கால் வீங்கியது. பேரன் பெயரைக் கூப்பிட வந்து தம்பியின் பெயரைச் சொல்வார். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பதில் இருந்தது: வயதாகிவிட்டது.

குறட்டையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். தம்பியின் மனைவி என்னிடம் தொலைபேசியில் நிம்மதியோடுதான் சொல்வாள்: "அத்தை அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார், அண்ணி." தூக்கம் பிடிக்கவில்லை என்று அம்மா சொன்னபோது மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரைகூட வீட்டில் இருந்தது. மூச்சு ஏற்கெனவே தடுமாறும் ஒருவருக்குத் தூக்க மாத்திரை தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும், மூச்சைத் தூண்டும் மூளையின் விழிப்பையும் மங்கச் செய்யும். அதைக் கொடுத்தவர்களும் அன்பில்தான் கொடுத்தார்கள்.

பொங்கல் விடுமுறைக்குப் போனபோது அம்மாவுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். நள்ளிரவில் என்னை எழுப்பியது குறட்டைச் சத்தமல்ல, அது நின்றுபோனதுதான். அறை திடீரென்று அமைதியானது. அம்மாவின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் மூக்கில் காற்றின் ஓசை இல்லை. மனதுக்குள் எண்ணினேன். இருபத்தெட்டு வரை வந்தபோது தண்ணீருக்கடியிலிருந்து தலை தூக்குபவரைப் போல ஒரு பெரிய இழுப்பு. பிறகு மீண்டும் குறட்டை. சில நிமிடங்களில் மீண்டும் அமைதி. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலமாரியில் இருந்தது. பேட்டரி மாற்றி மறுநாள் இரவு அம்மாவின் விரலில் மாட்டினேன். மேலே எழுதியது அந்த இரவின் கணக்கு.

அந்தச் சிறு கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஊசி குத்தாமல், தோல் வழியே ஒளியைச் செலுத்தி, நாடித் துடிப்பைக் கொண்டு இரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கலாம் என்று 1974இல் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவொயாகி. உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டு பதறிய 2020இல்தான் அவர் காலமானார். அதற்கும் ஓர் எல்லை உண்டு. கறுத்த தோலில் அது உண்மையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அதே ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டியது. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் மறைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைவை அது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது. வெயிலில் வேலை செய்த நம் அம்மாக்களின் விரலில் 93 என்று காட்டினால், அது 93தான் என்று சத்தியம் செய்ய முடியாது.

தொண்ணூறு என்ற எண்ணுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதைப் பின்னர் ஒரு மருத்துவர் எனக்குத் தாளில் கோடு போட்டு விளக்கினார். நூறிலிருந்து தொண்ணூறு வரை அந்தக் கோடு மேட்டுநிலம்போல மெல்லச் சரிகிறது. நுரையீரலில் ஆக்ஸிஜனின் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் இரத்தம் பெரிதாக இழப்பதில்லை. தொண்ணூறுக்குக் கீழே அது வாய்க்கால் கரைபோலச் செங்குத்தாக இறங்குகிறது. அங்கே நிற்பவர் ஓர் அடி பிசகினால் அடிவரைக்கும் சறுக்குவார். அம்மா பகலெல்லாம் அந்தக் கரையின் விளிம்பில்தான் நின்றிருக்கிறார். உறக்கம் அவரைக் கொஞ்சம்தான் தள்ளியது.

முதலில் காட்டிய மருத்துவமனையில் பகல் பதினொரு மணிக்கு அளந்தார்கள். 93. "இந்த வயதுக்கு இது போதும்" என்றார்கள். நோட்டைக் காட்டினேன், வீட்டுக் கருவியை நம்ப வேண்டாம் என்றார்கள். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த வீக்கத்துக்கும் இரவுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. இரவு தோறும் ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அவற்றுக்குள் இரத்தத்தைத் தள்ளும் வலப்பக்க இதயம் களைக்கிறது, நீர் காலில் தேங்குகிறது. காலைத் தொட்டுப் பார்த்த அதே விரல் மூச்சைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

அடுத்துச் செய்த தவறு எங்களுடையது. உறவினர் ஒருவர் வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிஜன் செறிவூட்டி பரண்மேல் கிடந்தது. தம்பி அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அக்கா எண் குறைகிறது என்கிறாள், எண்ணை ஏற்றும் இயந்திரம் கையில் இருக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவனுடைய நியாயம். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. நிமிடத்துக்கு நான்கு லிட்டரில் வைத்தோம். அரை மணி நேரத்தில் 97. நாங்கள் எல்லோரும் அந்த எண்ணைச் சுற்றி உட்கார்ந்து மகிழ்ந்தோம். தம்பி அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினான்.

முதல் நாள் காலை அம்மாவுக்குத் தலைவலி கூடியிருந்தது. இரண்டாம் நாள் காலை காபியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் எழவில்லை. கண் திறந்தார், "ஆலையில் தீ அணைந்துவிட்டது பார், சக்கை போடு" என்று முணுமுணுத்தார், மீண்டும் கண் மூடினார். விரலில் அப்போதும் 96. எண் நன்றாக இருக்கிறது, அம்மா நன்றாக இல்லை. அந்த நிமிடத்தின் குழப்பத்தை என்னால் மறக்க முடியாது.

கோவையில் நுரையீரல் மருத்துவர் செய்த முதல் காரியம் எங்களைத் திடுக்கிட வைத்தது. "ஆக்ஸிஜனைக் குறையுங்கள்" என்று செவிலியரிடம் சொன்னார். தம்பி சண்டைக்கே போய்விட்டான். அவர் பொறுமையாக, மணிக்கட்டுத் தமனியில் எடுத்த இரத்தத்தின் முடிவைக் காட்டினார். கரியமில வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 வரை இருக்க வேண்டும், அம்மாவுக்கு 71. இரத்தம் அமிலத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. விரலில் மாட்டும் கருவிக்கு இந்த வாயுவைப் பற்றி எதுவுமே தெரியாது. அது சொல்வது பாதிக் கதை.

மூச்சு என்பது இரண்டு வேலை. ஆக்ஸிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கரியமில வாயுவை வெளியே தள்ளுவது இன்னொன்று. குழாய் வழியாக ஆக்ஸிஜன் கொடுத்தால் முதல் வேலைக்குத்தான் உதவி. இரண்டாவது வேலைக்கு நெஞ்சு அசைய வேண்டும், காற்று போய்வர வேண்டும். அதோடு, கூடுதல் ஆக்ஸிஜன் அந்த இரண்டாவது வேலையைச் சிலருக்குக் கெடுக்கவும் செய்யும். 'ஆக்ஸிஜன் ஏறினால் மூளை மூச்சு விடச் சோம்பல்படும்' என்று பலரும் சொல்கிற விளக்கம் அதில் ஒரு பகுதிதான். எங்கள் ஊரைச் சுற்றிக் கீழ்பவானிப் பாசனம் என்பதால் மற்றதை நான் மடையை வைத்துப் புரிந்துகொண்டேன். சீக்குப்பட்ட நுரையீரல், காற்று வராத பகுதிகளுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, காற்று வரும் பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. தரிசாகக் கிடக்கும் வயலின் மடையை அடைத்து, பயிர் நிற்கும் வயலுக்குத் தண்ணீர் விடுவதுபோல. ஆக்ஸிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அடைத்த மடைகள் எல்லாம் திறந்துகொள்கின்றன. இரத்தம் காற்றோட்டமில்லாத பகுதிகளில் வீணாகச் சுற்றிவிட்டுக் கரியமில வாயுவோடு திரும்பி வருகிறது. சிவப்பணுவும் ஆக்ஸிஜனை நிறைய ஏற்றிக்கொண்டால் கரியமில வாயுவைச் சுமப்பது குறைகிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு 88க்கும் 92க்கும் இடையில் நிறுத்துவதே சரியான இலக்கு. இது வெறும் கோட்பாடும் அல்ல. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 405 நோயாளிகளை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இந்த அளவுக்குள் நிறுத்தப்பட்டவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது. தாராளமாகக் கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் இறந்தார்கள். நாங்கள் 97ஐப் பார்த்து மகிழ்ந்த அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது.

இரண்டு நாள் முகக்கவசத்தோடு ஒரு சுவாச இயந்திரம் அம்மாவின் நெஞ்சுக்குத் துணை நின்றது. மூன்றாம் நாள் காலை அவர் என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு சொன்னாயா கண்ணு?" என்று கேட்டார். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த மருத்துவர் கேட்ட ஒரு கேள்விக்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அவருக்கு முன்னால் பார்த்த இரண்டு மருத்துவர்களும் அம்மாவிடம் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். இவர் கேட்டது: "எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள், அம்மா?"

அம்மா விரல் விட்டு எண்ணினார். "பதினாறு வயதில் கல்யாணம். காஸ் அடுப்பு வரும்போது ஐம்பத்தெட்டு." நாற்பத்திரண்டு வருடம். வீட்டில் பருத்திமாரும் தென்னை மட்டையும். பருவத்தில் கரும்பு ஆலைக் கொட்டகையில் ஆட்களுக்குச் சமையல். பக்கத்திலேயே கொப்பரைக்கடியில் கரும்புச் சக்கை எரியும். எங்கள் பக்கத்து நாட்டுச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது என்று நாங்கள் பெருமை பேசுவோம். அந்தச் சர்க்கரை காய்ந்த புகையை யார் விழுங்கினார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஈர விறகு பற்றாமல் புகையும்போது அம்மா ஊதுகுழலை வாயில் வைத்து, கண் சிவக்க ஊதுவார். பிறகு அடுத்த மூச்சை இழுப்பார், அதே புகைக்குள்ளிருந்து. நாங்கள் பிள்ளைகள் கண் எரிகிறது என்று வாசலுக்கு ஓடிவிடுவோம்.

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். ஊதிப் பார்க்கும் சோதனையில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உறுதியானது. வெளியே வந்ததும் அம்மா என்னிடம், "அடுப்பைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதே இல்லை" என்றார். அவர் குரலில் வருத்தத்தைவிட ஒரு நிம்மதிதான் இருந்தது. தன் வாழ்க்கை முழுவதும் செய்த வேலை ஒரு தாளில் ஏறிவிட்ட நிம்மதி. புகைபிடிக்காத கிராமத்துப் பெண்ணுக்கு இந்த நோய் வராது என்று நினைக்கும் பழக்கம் மருத்துவமனைகளிலிருந்து ஒழிய வேண்டும். நம் நாட்டில் சமையலறைப் புகை பெண்களின் நுரையீரலில் செய்திருப்பதைப் புகையிலையின் கணக்கில் தேடினால் கிடைக்காது.

உடல் தேறி, சில வாரங்களுக்குப் பிறகு தூக்க ஆய்வு நடந்தது. தலையிலும் தாடையிலும் மார்பிலும் காலிலும் ஒயர்கள், மூக்குக்குக் கீழே காற்றோட்டம் அளக்கும் சிறு குழல். "இத்தனையையும் மாட்டிவிட்டு எப்படித் தூங்கச் சொல்கிறார்கள்?" என்று அம்மா கேட்டார், கேட்டு முடித்த சில நிமிடங்களில் குறட்டை வந்துவிட்டது. முடிவு: மணிக்கு 34 முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது. ஐந்துக்குக் கீழே இயல்பு, முப்பதைத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு முறையும் மூளை ஒரு நொடி விழித்துத் தொண்டையைத் திறந்துவிட்டிருக்கிறது. அதனால்தான் 'இப்போதுதான் கண் அசந்தேன்' என்றார் அம்மா.

இளநீரைக் காகிதக் குழலால் உறிஞ்சும்போது குழல் நனைந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது அதுதான் நடக்கிறது. இழுக்க இழுக்க ஒட்டிக்கொள்கிறது. கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் ஏறக்குறைய எல்லாமே செயலற்றுப் போய், மூச்சின் பாரம் முழுவதும் உதரவிதானத்தின் மீது விழுகிறது. அந்த உறக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். நாலரை மணிக்கு 71 வந்ததற்கு அதுவே காரணம். புகையால் கெட்ட நுரையீரல் ஒன்று, ஒட்டிக்கொள்ளும் தொண்டை ஒன்று; இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் ஒன்று மற்றதின் ஆழத்தைக் கூட்டும்.

ஒட்டிக்கொண்ட குழலுக்கு முன்னால் எவ்வளவு ஆக்ஸிஜனைக் கொண்டுபோய் வைத்தாலும் அது திறக்காது. குழலை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கக் காற்றின் அழுத்தம் வேண்டும். சிட்னியில் கோலின் சலிவன் என்ற மருத்துவர் 1981இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதுதான். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பி மாட்டியதுபோன்ற ஓர் ஏற்பாட்டால் மூக்கு வழியாகக் காற்றை அழுத்திக் கொடுத்து, நோயாளிகளை நிம்மதியாக உறங்கவைத்தார். இன்றைக்கு சிபேப் என்று சொல்லும் கருவியின் தொடக்கம் அது. அம்மாவுக்குக் கரியமில வாயுவும் தேங்குவதால், மூச்சை இழுக்கும்போது கூடுதலாகவும் விடும்போது குறைவாகவும் அழுத்தம் தரும் பைபேப் தேவைப்பட்டது. அப்படியும் இரவின் பின்பகுதியில் 85க்கு இறங்கியதால், அந்தக் குழாயோடு ஒரு லிட்டர் ஆக்ஸிஜனை இணைத்தார்கள். ஒரே ஒரு லிட்டர். நாங்கள் நான்கு வைத்திருந்தோம்.

உறவினரின் செறிவூட்டியைப் பயன்படுத்தலாமா என்று சோதிக்கச் சொன்னோம். அந்தக் கருவிக்குள் சியோலைட் என்ற துகள்கள் இருக்கின்றன. காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை அவை பிடித்துவைத்துக்கொள்ள, மிஞ்சி வருவது 90 சதவீதத்துக்கு மேல் தூய ஆக்ஸிஜன். ஆனால் துகள்களுக்கு ஈரம் ஆகாது. வருடக்கணக்கில் ஓடாமல் பரணில் கிடந்த அந்தக் கருவி கொடுத்தது 74 சதவீதம்தான். 2021இல் பதற்றத்தில் வாங்கிய எத்தனையோ செறிவூட்டிகள் இப்படிப் பரண்களில் இருக்கின்றன. அளந்து பார்க்காமல் யாரும் அவற்றை எடுத்து மாட்டக் கூடாது. நாங்கள் வேறொன்றை வாடகைக்கு எடுத்தோம்.

பிறகு தொடங்கியது வீட்டுப் பாடு. முகக்கவசத்தைப் போட்டதும் அம்மாவுக்கு மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. முதல் வாரம் பகலில், தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் மட்டும் போட்டுப் பழகினார். மூக்குத் தண்டில் சிவப்புத் தடம் விழுந்தது. பட்டையை இறுக்கியதுதான் தவறு, தளர்த்தியதும் சரியானது. ஈரப்பத அறைக்குக் காய்ச்சி வடித்த நீர் வாங்க வேண்டும். கிணற்று நீரை ஊற்றினால் உப்பு படிந்துவிடும். காற்று வடிகட்டியை ஞாயிறுதோறும் கழுவி உலர்த்துவது தம்பி மகனின் பொறுப்பு. அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மின்சாரம்தான் பெரிய கவலை. செறிவூட்டி ஏறக்குறைய 350 வாட் இழுக்கிறது. இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரண்டே முக்கால் யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத ரசீதில் அது மட்டுமே 168 யூனிட். வீட்டில் இருந்த 150 ஆம்பியர்-மணி பேட்டரி இன்வெர்ட்டரில் அது நான்கு மணி நேரம்கூட முழுதாகத் தாங்காது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆகவே 1,500 லிட்டர் கொள்ளும் ஒரு சிறிய சிலிண்டர் மூலையில் நிற்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் அது 25 மணி நேரம் வரும். பைபேப் மட்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் இன்வெர்ட்டரில் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது. ஐப்பசி மழையில் ஓர் இரவு மின்சாரம் போனபோது, நான் கோவையில் இருந்தபடியே தொலைபேசியில் தம்பிக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லத் தயாரானேன். "எல்லாம் மாற்றிவிட்டேன் அக்கா, நீ தூங்கு" என்றான்.

நெருப்பைப் பற்றி அம்மாவிடம் பேசியதுதான் கடினமான பேச்சு. ஆக்ஸிஜன் தானாக எரியாது. மற்றவற்றை வெறியோடு எரியவைக்கும். சேலையிலும் தலையணையிலும் அது ஊறியிருக்கும்போது ஒரு பொறி போதும். முன்னறையில்தான் எங்கள் சாமிப் படங்கள் இருந்தன. அம்மா மாலையில் ஏற்றும் விளக்கு இரவெல்லாம் அடங்கி எரிந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேறு. விளக்கு பத்தடிக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்த அறையின் நீளமே பன்னிரண்டு அடி. "சாமியை எடுக்கச் சொல்கிறாயா?" என்று அம்மா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே தம்பியைக் கூப்பிட்டு, படங்களை நடுவீட்டுக்கு மாற்றச் சொல்லி, தன் கட்டிலை அவை இருந்த சுவரை ஒட்டிப் போடச் சொன்னார். கண் விழித்தால் கதவு வழியாக விளக்கு தெரியும்படி கதவைத் திறந்துவைக்கிறார். மூக்கு காய்ந்து எரிந்தால் பெட்ரோலியக் களிம்பைத் தடவக் கூடாது, நீர்த்தன்மை உள்ள களிம்புதான் தடவ வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் இரவு ஆக்ஸிஜனைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். என் மனம் எதிர்பார்த்த மாதிரி அவை இல்லை. 1980இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 203 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், இரவில் மட்டும் ஆக்ஸிஜன் பெற்றவர்களிடம் இறப்பு, நாள் முழுக்கப் பெற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அடுத்த ஆண்டு பிரிட்டனில் 87 பேரிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 15 மணி நேரமாவது பெற்றவர்கள் எதுவும் பெறாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள். விழித்திருக்கும்போதே ஆக்ஸிஜன் மிகக் குறைவாக, அதாவது 88 அல்லது அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு உறங்கும் நேரம் மட்டும் போதாது என்பது அப்போதே தெளிவானது. பகலில் சரியாக இருந்து இரவில் மட்டும் குறைபவர்களுக்கு? அதைத் தீர்க்கவென்றே தொடங்கிய ஆய்வு 2020இல் வெளியானது; போதிய ஆட்கள் சேராமல் 243 பேரோடு முன்கூட்டியே நின்றுபோனது, பயன் உண்டு என்று நிறுவ முடியவில்லை. தொண்டை அடைப்பவர்களைப் பற்றி 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், அழுத்தக் காற்று இரத்த அழுத்தத்தைக் குறைத்தது, ஆக்ஸிஜன் குறைக்கவில்லை.

ஆக, 'இரவில் ஆக்ஸிஜன்' என்பது ஒரே சிகிச்சை அல்ல. ஒருவருக்கு உயிர்காக்கும் மருந்து, ஒருவருக்குத் தேவையே இல்லாதது, என் அம்மாவைப் போன்றவருக்கு நான்கு லிட்டரில் நஞ்சு, ஒரு லிட்டரில் அமுதம். மிக்ஸி வாங்குவதுபோலக் கடையில் வாங்கி மாட்டக்கூடிய பொருளாக அது விற்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தூக்க ஆய்வுக்கு மாவட்டத் தலைநகரைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதும், பைபேப்புக்கு அரை லட்சத்துக்கு மேல் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியிருப்பதும் அதைவிடப் பெரிய கோபம். எங்களால் முடிந்தது. ஆலைக் கொட்டகையில் அம்மாவோடு சமைத்த மற்றப் பெண்களால் முடியாது.

அவர்களில் ஒருவரின் மகன் சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய அம்மாவும் பகலெல்லாம் தூங்கி வழிகிறாராம், காலையில் தலைவலியாம். "உங்கள் ஆக்ஸிஜன் மெஷினை ஓரிரண்டு நாளுக்குக் கொடுக்க முடியுமா?" என்று தம்பியிடம் கேட்டார். நான் அன்று ஊரில் இருந்தேன். உள்ளே போய் அந்தப் பழைய ஆக்ஸிமீட்டரையும், நோட்டில் கிழித்த இரண்டு தாளையும் கொண்டுவந்து கொடுத்தேன். இன்றைக்கு இரவு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அரை மணிக்கு ஒருமுறை நேரத்தையும் எண்ணையும் எழுதுங்கள், மூச்சு நின்றால் எத்தனை எண்ணும்வரை என்று எழுதுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. விளிம்பில் தொடங்கி, நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார். விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தினார்.

"நாலரை மணி" என்றார். பிறகு அவரிடம், "எந்த அடுப்பில் சமைத்தாள் என்று நான் சொல்கிறேன், அதையும் எழுதிக்கொண்டு போ சாமி" என்றார்.